கல்செடி எப்போது பூக்கும்?

செப்டம்பர் மாதம், வெயில் அடிக்கும் ஒரு நாள், பிற்பகல் மூன்று மணி. அந்த நேரத்தில் யாராவது வீட்டுக்கு வந்தால், முதலில் அவர்களைப் பின்பக்கத்தில் இருக்கும் சின்னக் கண்ணாடிக் குடிலுக்குத்தான் கூட்டிப்போவேன். காலையில் பார்த்தால் அங்கே தொட்டி தொட்டியாகக் கூழாங்கற்கள் இருப்பதுபோல்தான் தெரியும். பழுப்பு, சாம்பல், செம்மண், பாசி என்று நிறம் நிறமாகக் கற்கள். மூன்று மணிக்கு அதே கற்களின் நடுவிலிருந்து மஞ்சளும் வெள்ளையுமாகப் பூக்கள் விரிந்து கிடக்கும். சில தொட்டிகளில் பூ செடியை முழுதாக மூடிவிடும், கல்லே தெரியாது.

இவைதான் லித்தாப்ஸ். கிரேக்க மொழியில் லித்தோஸ் என்றால் கல், ஆப்ஸ் என்றால் முகம் அல்லது தோற்றம். ஒன்று இருந்தாலும் லித்தாப்ஸ், நூறு இருந்தாலும் லித்தாப்ஸ். 'லித்தாப்' என்று ஒருமை கிடையாது. தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் இவற்றின் தாய்நிலம். போட்ஸ்வானாவின் ஓரத்திலும் கொஞ்சம் உண்டு. குடும்பம் அய்ஸோயேசியே. நம் ஊர் வயலோரத்தில் தானாக முளைக்கும் சாரணையும் அதே குடும்பம்தான். சாரணையின் தடித்த இலையைக் கிள்ளிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொந்தம் உடனே புரியும்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்பகுதியில். ஐம்பது அறுபது தொட்டிகள் வைத்திருக்கிறேன். புதிதாக லித்தாப்ஸ் வாங்கியவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி தண்ணீர் பற்றி. இரண்டாவது கேள்வி, "எந்த மாதம் பூக்கும்?" என்பது. ஆகஸ்டிலிருந்து நவம்பருக்குள் என்று ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். வடகோளத்தில் பெரும்பாலான இனங்களுக்கு அது சரிதான். ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒருவரால் ஒன்றும் செய்ய முடியாது. செப்டம்பர் போய்விட்டது, என் செடி பூக்கவில்லையே என்ற கவலைதான் மிஞ்சும். லித்தாப்ஸ் பூக்கும் காலத்தைக் காலண்டரில் தேடுவதைவிட அதன் இலையில் தேடுவது நல்லது. இந்த ஆண்டு இலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தால், பூ எப்போது வரும் என்று ஓரளவு நீங்களே சொல்லிவிடலாம்.

இலை என்று எதைச் சொல்கிறேன்? நீங்கள் பார்க்கும் அந்தக் 'கல்' முழுவதுமே இலைதான். இரண்டு தடித்த இலைகள், அடியில் ஒன்றாக ஒட்டி, மேலே ஒரு பிளவு மட்டும் விட்டு நிற்கின்றன. தண்டு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. கீழே நேராக வேர். மேல்பரப்பில் கோடுகளும் புள்ளிகளுமாகத் தெரியும் கண்ணாடி மாதிரியான பகுதிதான் அதன் ஜன்னல். தாய்நிலத்தில் செடி ஏறக்குறைய முழுதாக மண்ணுக்குள் புதைந்திருக்கும். வெளிச்சம் அந்த ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி இலையின் உட்சுவரைத் தொடும்.

அடியில் ஒட்டி நிற்கும் இப்படி ஓர் இலை ஜோடியைத்தான் தலை என்கிறோம். ஒரு தலைக்கு ஆண்டுக்கு ஒரு ஜோடி இலை. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் போதும். என் குடிலில் அந்தக் கணக்கு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். ஏப்ரல், மே வாக்கில் பழைய ஜோடி காய்ந்த தாள்போல் சுருங்கி விலக, நடுவிலிருந்து புது ஜோடி வெளியே வரும். அப்போதிலிருந்து தண்ணீர் குடித்து, ஜூன் வரை பருத்து, தன் முழு அளவுக்கு வரும். கடும் வெயில் காலத்தில் கொஞ்சம் ஓய்வு; ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும். ஆகஸ்டில் வெப்பம் தணிந்து இரவு குளிரத் தொடங்கியதும் மறுபடி உயிர் வரும். அப்போது நன்றாக ஒரு முறை தண்ணீர் கொடுத்தால், இரண்டு மூன்று வாரத்தில் பிளவு லேசாக வாய் திறக்கும். உள்ளே ஒரு பச்சை முனை தெரியும். அதுதான் மொட்டு.

பூ முடிந்த பிறகுதான் இந்தச் செடியின் மிக அழகான வேலை தொடங்குகிறது என்பது என் எண்ணம். பூ வந்த இடத்தின் பக்கத்திலேயே அடுத்த ஆண்டுக்கான இலை ஜோடி உள்ளே உருவாகும். நவம்பரிலிருந்து மார்ச் வரை நாம் ஒரு சொட்டுத் தண்ணீரும் தருவதில்லை. பழைய இலைகள் தங்களிடம் சேர்த்து வைத்த நீரையும் சத்தையும் புது ஜோடிக்குக் கொடுத்துக்கொண்டே மெலியும். வெளியிலிருந்து பார்த்தால் செடி சாவதுபோல் தெரியும். உண்மையில் தாய்ப்பால் ஊட்டுகிற மாதிரியான வேலை அது. சில தலைகளில் ஒன்றுக்குப் பதில் இரண்டு புது ஜோடிகள் வரும். அப்படித்தான் ஒரு செடி பல தலைகளாகப் பெருகுகிறது.

ஆக, பூ என்பது அந்த ஆண்டு இலை முழு வளர்ச்சி அடைந்து, தன் இடத்தை அடுத்த ஜோடிக்கு விடுவதற்கு முன்னால் வருவது. இது புரிந்தால் பல குழப்பங்கள் தானாகத் தீரும். புது இலை இப்போதுதான் வெளியே வந்திருக்கிறதா? இன்னும் சில மாதம் பொறுக்க வேண்டும். பழைய இலை சுருங்கத் தொடங்கிவிட்டதா? இந்த ஆண்டுப் பூ வரவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. தண்ணீர் ஊற்றி வரவழைக்கப் பார்க்காதீர்கள்.

அந்தத் தவறை நான் செய்திருக்கிறேன். முதல் குளிர்காலத்தில், டிசம்பர் கடைசியில், சுருங்கிக்கொண்டிருந்த ஒரு செடியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தண்ணீர் கொடுத்தேன். பழைய இலைகள் மறுபடி பருத்துவிட்டன. அவற்றுக்குத் தங்கள் நீரைக் கொடுக்க வேண்டிய அவசியம் போய்விட்டது. வசந்தத்தில் புது ஜோடி வெளியே வந்தபோது பழைய ஜோடியும் அதைச் சுற்றிக் கொழுகொழுவென்று நின்றது. மாடி மேல் மாடி கட்டியதுபோல் இரண்டு ஜோடி. புது இலைகள் நெருக்கப்பட்டுக் கோணலாக வளர்ந்தன, அந்த இலையுதிர்காலத்தில் பூ இல்லை. அடுத்த குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டும் தராமல் இருந்த பிறகே அது தன் ஒழுங்குக்குத் திரும்பியது.

மொட்டையும் புது இலையையும் குழப்பிக்கொள்வது ஆரம்பத்தில் எல்லோருக்கும் நடக்கும். பிளவுக்குள் ஏதோ தெரிகிறது, அது எது? பருவத்தை முதலில் பாருங்கள். கோடை முடிந்து தெரிந்தால் பெரும்பாலும் மொட்டு. குளிர்காலத்திலோ வசந்தத்திலோ தெரிந்தால் புது இலை. அப்புறம் வடிவம்: மொட்டு கூராக இருக்கும், வெளிர் பச்சையாக, புல்லி இதழ்கள் குவிந்த முனையோடு மேலே வரும். புது இலை தட்டையாக, தன் கோடு புள்ளிகளோடு, நடுவில் தனக்கென்று ஒரு பிளவோடு தெரியும். அந்தக் குட்டிப் பிளவைப் பார்த்துவிட்டால் சந்தேகம் இல்லை.

சரி, எல்லா லித்தாப்ஸும் ஒரே வாரத்தில் பூக்குமா? இல்லை. சுமார் 37, 38 இனங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையைக் கவனிக்கத் தொடங்கியபோதுதான் இந்தப் பொழுதுபோக்கு எனக்கு உண்மையில் பிடித்துப்போனது.

முந்திக்கொள்வது சூடோட்ரங்கடெல்லா. நமீபியாவின் நடுப்பகுதியில், தலைநகர் விண்ட்ஹுக்கைச் சுற்றிய மேட்டுநிலத்தில் வளர்வது. மற்றவை கோடை ஓய்வில் இருக்கும்போதே ஜூலையில், சில சமயம் ஜூன் கடைசியிலேயே, இது மஞ்சளாகப் பூத்துவிடும். முதல் ஆண்டு நான் இதை எதிர்பார்க்கவே இல்லை. ஊருக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் காய்ந்த பூ மட்டும் தலையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை பெருங்கூட்டம். ஒகாம்பியே, லெஸ்லியை, ஹூக்கரி ஆகியவை மஞ்சள். கராஸ்மோன்டனா, சாலிகோலா, ஜூலியை, மார்மொராட்டா ஆகியவை வெள்ளை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது லெஸ்லியையும் ஒகாம்பியேயும்தான். பிடிவாதம் இல்லாதவை, பெரிய பூ. லெஸ்லியையில் ஆல்பினிக்கா என்ற பச்சை வகை வெள்ளையாகப் பூக்கும். ஓர் இனத்துக்குள்ளேயே நிறம் மாறுவதைப் பார்க்க விரும்பினால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். லித்தாப்ஸ் உலகில் மஞ்சளும் வெள்ளையும்தான் பொது வழக்கம். வெருகுலோசா மட்டும் அந்த வழக்கத்தை மீறும். வைக்கோல் நிறம், ஆரஞ்சு, வெண்கலம் என்று போகும். அதிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்த 'ரோஸ் ஆஃப் டெக்சாஸ்' இளஞ்சிவப்பு.

எல்லாம் முடிந்து, தண்ணீரை நிறுத்திவிட்டு, குடிலைக் குளிர்காலத்துக்கு மூடும்போது ஆப்டிகா பூக்கும். நவம்பர், சில ஆண்டுகளில் டிசம்பர். இதன் சொந்த இடம் நமீபியாவின் தென்மேற்குக் கடற்கரை, லூடரிட்ஸ் பக்கம். மற்ற பெரும்பாலான இனங்கள் கோடையில் மழை பெறும் நிலத்தவை; இது குளிர்கால மழையும் கடல் மூடுபனியும் கிடைக்கும் ஓரத்தில் வாழ்வது. அங்கே ஈரம் வரும் நேரமே வேறு, ஆகையால் இதன் ஆண்டும் கொஞ்சம் தள்ளிப்போகிறது. ரூப்ரா என்ற அதன் செந்நிற வகையைப் பலரும் ஆசையாக வாங்குகிறார்கள். அக்டோபரில் பூ இல்லையே என்று ஏமாற்றம் அடைகிறார்கள். அதன் முறை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். மங்கலான டிசம்பர் நாளில் அந்தச் சிவப்புத் தலையில் மொட்டைப் பார்ப்பது ஒரு தனிச் சந்தோஷம், வெயில் போதாமல் அது முழுதாக விரியாமல் போனாலும்கூட.

ஆண்டுக் கணக்கு இப்படி. நாளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தெரியாமல் பூவைத் தவறவிடுபவர்கள் நிறையப் பேர். காலையில் வேலைக்குப் போய் மாலை ஆறு மணிக்கு வீடு திரும்புகிறவர், மொட்டு வந்ததைப் பார்ப்பார், வாடியதைப் பார்ப்பார், விரிந்ததைப் பார்க்கவே மாட்டார். லித்தாப்ஸ் பூ நண்பகலுக்குப் பிறகுதான் விரியும். இரண்டு மணியிலிருந்து நான்கு மணிக்குள் முழுதாக இருக்கும். சூரியன் சாயும்போது மூடிக்கொள்ளும். மறுநாள் மறுபடி அதே நேரம். இப்படி ஐந்து முதல் ஏழு நாள், சில சமயம் அதற்கும் மேல். மேகமூட்டமான நாளில் திறக்கவே திறக்காது. முன்பு லித்தாப்ஸை எல்லாம் மெசம்பிரியாந்திமம் என்ற பெரிய பேரினத்துக்குள் வைத்திருந்தார்கள். அந்தப் பெயருக்கே நண்பகல் பூ என்றுதான் பொருள். விடுமுறை நாளில் வெயில் அடித்தால் பிற்பகலில் வெளியே போகாதீர்கள். குனிந்து முகர்ந்தும் பாருங்கள். பல இனங்களில் தேன்போன்ற இனிய மணம் இருக்கும்.

தென்கோளத்தில் இந்த மாதங்கள் அப்படியே தலைகீழ். அங்கே இலையுதிர்காலம் மார்ச்சிலிருந்து மே வரை. பெரும்பாலான லித்தாப்ஸ் பூப்பதும் அப்போதுதான். தென்னாப்பிரிக்காவிலிருந்து வளர்ந்த செடியாக வரவழைத்தால் முதல் ஆண்டு அதன் கணக்கு நம்முடையதோடு ஒத்துப்போகாது. நமக்கு வசந்தமாக இருக்கும்போது மொட்டு விடலாம். ஒன்றிரண்டு ஆண்டில் சரியாகிவிடும். விதையாக வந்தால் இந்தச் சிக்கலே இல்லை, முளைக்கும் இடத்தின் பருவத்தையே அது கற்றுக்கொள்ளும்.

இந்தத் தலைகீழ்க் கணக்கோடு சேர்ந்த ஒரு வரலாறும் உண்டு. அறிவியல் உலகம் லித்தாப்ஸை முதலில் அறிந்தது 1811 செப்டம்பரில். வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேய இயற்கையாளர், இன்றைய வடக்கு கேப் மாகாணத்தில் பிரீஸ்கா அருகே, விசித்திரமான கூழாங்கல் ஒன்று கிடக்கிறதென்று எடுக்கப் போனார். எடுத்துப் பார்த்தால் செடி. அவர் போன செப்டம்பர் அங்கே வசந்தம். பூக்கும் காலம் முடிந்து மாதங்கள் ஆகியிருந்தன. அவருக்குக் கிடைத்தது பூவில்லாத கல் மட்டுமே. இன்று நாம் ஹூக்கரி என்று அழைக்கும் இனம் அது. லித்தாப்ஸ் என்ற பேரினத்தை 1922இல் கியூ தாவரவியல் பூங்காவின் என்.இ. பிரவுன் தனியாகப் பிரித்துப் பெயரிட்டார். பின்னாளில் டெஸ்மண்ட் கோல் என்ற மொழியியல் பேராசிரியரும் (செட்ஸ்வானா மொழி அவருடைய துறை) அவர் மனைவி நவ்ரீனும் பல பத்தாண்டுகள் தென்னாப்பிரிக்கா, நமீபியா முழுவதும் அலைந்து ஏறக்குறைய 400 இடங்களின் செடிக்கூட்டங்களுக்கு எண் கொடுத்துப் பதிவு செய்தார்கள். கடையில் வாங்கும் தொட்டியில் 'சி' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருந்தால் அது கோல் எண். அந்தச் சீட்டைத் தூக்கிப்போடாதீர்கள். உங்கள் செடியின் முன்னோர்கள் எந்த மண்ணில், எந்த மழையில் வளர்ந்தார்கள் என்று அது சொல்லும். பூ முந்துவதும் பிந்துவதும் ஏன் என்று யோசிக்க அது கைகொடுக்கும்.

இலையும் நன்றாக இருக்கிறது, பருவமும் சரி, ஆனாலும் பூக்கவில்லை என்றால்? முதலில் வயது. விதையிலிருந்து வளர்ந்த செடிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு வேண்டும், சிலவற்றுக்கு ஐந்துகூட ஆகும். கடையில் விற்கும் பட்டன் அளவுச் செடிகள் பல இன்னும் சிறுவர்கள்தான். அடுத்தது வெளிச்சம், என் அனுபவத்தில் இதுதான் பெரும்பாலான நேரம் காரணம். நாளுக்கு நான்கைந்து மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும்; அது இல்லாத செடி கழுத்து நீண்டு மண்ணுக்கு மேலே எழும், நிறம் மங்கும், பூக்காது. மூன்றாவது, கோடை முடிவில் தரவேண்டிய அந்தத் தண்ணீர். அழுகிவிடுமோ என்ற பயத்தில் ஆண்டு முழுதும் வறட்சியில் வைத்திருப்பவர்களும் உண்டு. மண் முக்கால்வாசி பியூமிஸோ (துளைகள் நிறைந்த எரிமலைக் கல்) சிறு கல்லோ ஆக இருந்தால், அந்த ஒரு நல்ல நனைப்பால் ஆபத்து இல்லை.

கோவையில் இருக்கும் என் சித்தி, போன வருடம் ஒரு தொட்டி வாங்கிவிட்டு, "நீ சொன்ன செப்டம்பர் வந்துட்டுதே, ஒண்ணும் காணோமே கண்ணா" என்று போனில் கேட்டார். லண்டனில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் பகல் நீளத்தில் ஏறக்குறைய ஒன்பது மணி நேர வித்தியாசம். தமிழ்நாட்டில் அது சுமார் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம்தான். குளிர் என்று சொல்லும்படியான காலமும் குறைவு. அதனால் என் குடிலின் மாதங்களை அங்கே அப்படியே எடுத்துக்கொண்டு போக முடியாது என்று சொன்னேன். இலையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய ஜோடி அப்போதுதான் தாளாகி விலகிக்கொண்டிருந்தது. "சித்தி, உங்க செடிக்கு இப்பத்தான் வருஷம் பிறந்திருக்கு" என்றேன். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னேன்: அக்டோபர் மழை வருவதற்குள் தொட்டியைக் கூரைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் வைத்துவிடுங்கள்.

இனி, பூக்கும் நேரம் எதற்காக இவ்வளவு முக்கியம் என்ற விஷயம். வெறும் அழகுக்காக என்றால் எப்போது பூத்தால் என்ன? விதை வேண்டுமென்றால் நேரம் பொருந்த வேண்டும். லித்தாப்ஸ் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே தொட்டியில் பத்துத் தலை இருந்து பத்தும் பூத்தாலும், அவை ஒரே செடியிலிருந்து பிரிந்த தலைகள் என்றால் விதை பிடிக்காது. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு வேறு செடிகள், ஒரே பிற்பகலில், ஒரே வெயிலில் திறந்திருக்க வேண்டும். அதனால்தான் நான் ஒரு நோட்டில் ஒவ்வொரு தொட்டிக்கும் மொட்டு தெரிந்த நாள், முதல் முறை விரிந்த நாள், வாடிய நாள் என்று எழுதி வருகிறேன். இரண்டு மூன்று ஆண்டு எழுதினால் எந்த இரண்டு செடிகள் ஒன்றாகப் பூக்கும் என்று தெரிந்துவிடும். அன்று பிற்பகல் ஒரு மெல்லிய தூரிகையால் ஒன்றிலிருந்து எடுத்து மற்றொன்றில் தடவி, திரும்பவும் அப்படியே செய்தால் போதும்.

பிடித்துவிட்டால் பூ வாடிய இடத்தில் ஒரு காய் தடிக்கும். முற்ற எட்டு ஒன்பது மாதம் ஆகும், அதாவது பழைய இலை சுருங்கி, புது இலை வந்து, அது பருக்கும் வரை. காய்ந்த காய் மரத்துண்டுபோல் இறுக மூடியிருக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் ஐந்தாறு கதவுகள் நட்சத்திரம்போல் விரியும், உள்ளே தூசிபோல் விதைகள். பாலைநிலத்தில் மழைத்துளி விழும்போது மட்டும் திறந்து, அந்தத் துளி மோதும் வேகத்திலேயே விதையைச் சிதறவிட்டு, காய்ந்ததும் மூடிக்கொள்வதற்கான ஏற்பாடு அது. நான் அந்த விதைகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் வடித்து, வசந்தத்தில் மெல்லிய மணல் பரப்பில் தூவுகிறேன். ஒரு வாரத்தில் குண்டூசித் தலை அளவில் பச்சைப் புள்ளிகள் தெரியும். 2022இல் தூவிய லெஸ்லியைகளில் இரண்டு, சென்ற செப்டம்பரில் ஒரே பிற்பகலில் முதல் முறையாகத் திறந்தன.